தேயிலைச் சக்கையும் எறும்பு அசிட்டும்: ஹட்டன் பக்கம் நாங்க ஹைட்ரஜன் எடுத்த கதை, முழுசா

சிலிண்டர் நிறைஞ்ச அந்த மத்தியானத்துல இருந்தே சொல்றேன், ஏன்னா இந்த வேலையில நாங்க படிச்சதெல்லாம் அதுக்குப் பொறகுதான்.

500 மில்லி அளவுச் சிலிண்டர் ஒன்ன உப்புத்தண்ணித் தொட்டியில தலைகீழா கவுத்து வச்சிருந்தோம். குடுவைக்குள்ள 10 மில்லி ஃபோமிக் அசிட் (எறும்பு அசிட்) கரைசல், லீட்டருக்கு 1 மோல் செறிவு (மோல்ங்கிறது துணிக்கைங்களை எண்ணுற கெமிஸ்ட்ரி அளவு), அதுக்குள்ள தேயிலைச் சக்கைக் கரியில செஞ்ச கொஞ்சோண்டு கறுப்புத் தூள். அசிட்ல இருக்கிறது 0.01 மோல். அது முழுசா உடைஞ்சா 0.01 மோல் ஹைட்ரஜன், 0.01 மோல் காபன் டை ஒக்சைட், கூட்டினா 0.02 மோல் வாயு. புத்தகத்துல ஒரு மோல் வாயு அறை வெப்பத்துல 24 லீட்டர்னு இருக்குது, அப்போ 480 மில்லிக்கு மேல வர ஏலாது. அதனாலதான் 500 சிலிண்டரே போதும்னு வச்சோம். தண்ணி மட்டம் 400 கிட்ட வந்துச்சு, 450, பொறகு மெதுவா 480, அங்க நிக்கும்னு பார்த்தா நிக்கவே இல்ல, 500ம் தாண்டி சிலிண்டர் வாயால குமிழ் குமிழா வெளிய போக ஆரம்பிச்சிருச்சு. புள்ளைங்க கைதட்டுனாங்க. "சேர், நூத்துக்கு மேல வந்திருச்சு!" அப்படின்னு ஒரு பொடியன் கத்துறான். எனக்கு நெஞ்சு பக்குன்னுச்சு. நூறு வீதத்துக்கு மேல குடுக்கிற ரியாக்ஷன்னு ஒன்னு உலகத்துல இல்ல, அப்போ எங்க கணக்குல எங்கயோ ஓட்டை இருக்குது.

அந்த ஓட்டைக்கு வாறதுக்கு முன்னாடி, நாங்க ஏன் இதுல இறங்கினோம்னு சொல்லிடணும். 2022 மார்ச் மாசக் கடைசில ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரைக்கும் கரண்ட் கட் பண்ணாங்களே, அப்போ படிச்சிட்டிருந்த சின்னப் புள்ளைங்கதான் இப்போ என்கிட்ட உயர்தரம் கெமிஸ்ட்ரி படிக்குதுங்க. லக்ஷபான, மேல் கொத்மலைன்னு நாட்டுக்கே கரண்ட் குடுக்கிற தண்ணி எங்க மலையில இருந்துதான் இறங்குது, ஆனா தோட்டத்துத் தொழிலாளர் இருக்கிற லயத்துக் காம்பிராவுல அந்தப் புள்ளைங்க குப்பி லாம்புல படிச்சதுங்க. கரண்டை சேமிச்சு வைக்க ஏலுமா சேர்ன்னு ஒரு புள்ள கேட்டுச்சு. பெட்டரி இருக்குதுன்னு சொன்னேன், பொறகு ஹைட்ரஜன் பத்தி கதைச்சோம், அப்படியே நீண்டு போச்சு.

ஹைட்ரஜனை வாயுவா வச்சிருக்கிறது சரியான கஷ்டம். ஒன்னு சில நூறு மடங்கு அமுக்கத்துல உருளைக்குள்ள அடைக்கணும், இல்லாட்டி மைனஸ் 253 பாகைக்கு குளிர வைக்கணும். அதனாலதான் திரவத்துக்குள்ள ஒளிச்சு வைக்கிற வழிய தேடுறாங்க. மெதைல் சைக்ளோஹெக்சேன்னு ஒன்னு இருக்குது, நிறையில 6.2 வீதம் ஹைட்ரஜனை விட்டுக் குடுக்கும், ஆனா அதை வெளிய எடுக்க 300 பாகைக்கு மேல சூடு வேணும். அமோனியாவுல 17.6 வீதம் இருக்குது, அதுக்கும் 400 பாகைக்கு மேல போகணும், நாத்தமும் நஞ்சும் வேற. ஃபோமிக் அசிட்ல வெறும் 4.4 வீதம்தான், கேட்டா கொஞ்சமாத் தெரியும், ஆனா சரியான ஊக்கி (தான் செலவாகாம ரியாக்ஷனை வேகப்படுத்துற பொருள்) இருந்தா சுடுதண்ணிச் சூட்டுலயே, சில நேரம் அறை வெப்பத்துலயே உடைஞ்சு குடுத்திடும். 2008ல ஜேர்மனியில ரொஸ்டொக்ல பெல்லர்ங்கிற விஞ்ஞானியோட குழுவும் சுவிஸ்ல லொசான்ல லொரென்சிங்கிற விஞ்ஞானியோட குழுவும் தனித்தனியா இதை செஞ்சு காட்டினதுக்கு அப்புறம்தான் ஃபோமிக் அசிட் பக்கம் எல்லாரும் திரும்பினாங்க. 2018ல லொசான் ஆட்கள் 800 வொட் குடுக்கிற ஒரு கருவியையே செஞ்சு வச்சாங்க, ஒரு பக்கம் ஃபோமிக் அசிட் ஊத்தினா மறுபக்கம் கரண்ட்.

அதோட ஃபோமிக் அசிட் எங்க ஆட்களுக்குப் புதுசு இல்ல. கேகாலை, இரத்தினபுரி பக்கம் ரப்பர் தோட்டத்துல சொந்தம் இருக்கிறவங்க எல்லாருக்கும் தெரியும், பாலை உறைய வைக்க ஊத்துற அசிட் அதுதான். முசுறு (மரத்துச் சிவப்பு எறும்பு) கடிச்ச இடத்துல எரியுதே, அதுவும் அதே அசிட்தான். நாங்க வாங்கினதும் ரப்பர் சாமான் விக்கிற கடையிலதான், 85 வீதம்னு லேபல் ஒட்டுன கேன்.

ஊக்கிக்குத்தான் தேயிலைக்கு வந்தோம், அதைக் கரியாக்கி ஊக்கிக்குப் பாவிக்கலாம்னு. இலங்கையில வருசத்துக்கு 25 கோடி கிலோவுக்கு மேல தேயிலை செய்றாங்க, ஒவ்வொரு தேயிலை ஸ்டோர்லயும் (தொழிற்சாலையிலயும்) நாரும் தூசும் கழிவா ஒதுங்குது. அந்த ரெஃப்யூஸ் டீயை நினைச்ச மாதிரி எடுத்துட்டு வர ஏலாது, திரும்ப நல்ல தூளோட கலந்து வித்திடுவாங்கன்னு தேயிலைச் சபை அதுக்குக் கட்டுப்பாடு வச்சிருக்குது, அது நியாயமும்தான். அதனால நாங்க பஸ் ஸ்டாண்ட் பக்கத்துத் தேத்தண்ணிக் கடையில சக்கை வாங்கினோம், பால் சீனி படாத சக்கைதான் வேணும்னு அந்த அக்காகிட்ட சொல்லி வச்சு, ரெண்டு கிழமை சேர்த்து, படங்குல காயப் போட்டு எடுத்தோம்.

காஞ்ச சக்கைய பிஸ்கட் டின்னுல அடைச்சு, மூடியில ஒரு ஆணி ஓட்டை மட்டும் போட்டு, விறகு அடுப்புத் தணல்ல வச்சோம். ஒப்பிட்டுப் பார்க்க, காய்ச்சாத புதுத் தூளையும் இன்னொரு டின்னுல வச்சோம். ஆறினதுக்குப் பொறகு அந்த ரெண்டாவது டின்னைத் திறந்தா, மூடியோட உள்பக்கம் ஓரத்துல வெள்ளையா, பஞ்சு மாதிரி, கிட்டப் பார்த்தா ஊசி ஊசியா மின்னுது. பூஞ்சணம் புடிச்சிருச்சுன்னு ஒரு புள்ள சுரண்டப் போச்சு. பூஞ்சணம் இல்ல, அது கெஃபீன். 178 பாகை அளவுல கெஃபீன் உருகாமலே ஆவியாகி மேல போய், குளிர்ந்த இடத்துல ஊசியா படிஞ்சிடும். இது எங்களுக்கு ஒரு முக்கியமான விசயத்தைக் காட்டிச்சு. எங்களுக்கு வேண்டியது காபனுக்குள்ள நைதரசன், ஏன்னு பொறகு சொல்றேன். கெஃபீன்ல நிறைக்கு 29 வீதம் நைதரசன் இருக்குது, அப்போ காய்ச்சாத தூள்தான் திறம்னு நான் நினைச்சிருந்தேன். ஆனா அந்த நைதரசன்ல பெரும் பங்கு மூடிக்குப் போயிடுது. கரியில தங்குறது இலையோட புரதத்துல இருக்கிற நைதரசன்தான், அது கரையாத புரதம், தேத்தண்ணியில இறங்காம சக்கையிலயே கிடக்கும். அதனால குடிச்சு முடிச்ச சக்கையே எங்களுக்குக் காணும்.

கரியைக் கழுவுறது தனி வேலை. தேயிலைச் சாம்பல்ல பொட்டாசியம் கூட. சாம்பல் தண்ணியில துணி வெளுத்த எங்க பாட்டிமாருக்கு அது காரம்னு தெரியும். அந்தக் காரத்தைக் கழுவாம விட்டா ஃபோமிக் அசிட்ல ஒரு பங்கை அதுவே தின்னுடும். ஐதான ஹைட்ரோகுளோரிக் அசிட்ல ஒரு தரம், பொறகு லிட்மஸ் நிறம் மாறாம நிக்கிற வரைக்கும் சுடுதண்ணியில.

இனி முதல் ஏமாற்றம். கழுவிக் காயவச்ச கரியை அப்படியே, உலோகம் ஒன்னும் சேர்க்காம, 50 பாகையில ஃபோமிக் அசிட்குள்ள போட்டோம். போட்ட உடனே சொர்ர்ர்னு குமிழ். வகுப்பே எழும்பி நின்னுச்சு. நானும் ஒரு நிமிசம் நம்பிட்டேன், உண்மையைத்தான் சொல்றேன். ரெண்டு மூணு நிமிசத்துல குமிழ் நின்னு போச்சு. புடிச்ச வாயுவ சின்னக் குழாய்ல எடுத்து நெருப்புக் குச்சி காட்டினோம், ஹைட்ரஜன்னா 'டப்'னு வெடிக்கணும், ஒரு சத்தமும் இல்ல. வேற ஒரு பிடி கரியை எடுத்து வெறும் தண்ணியில போட்டுப் பார்க்கச் சொன்னேன், அதுலயும் அதே சொர்ர். காஞ்ச கரியோட துளைக்குள்ள அடைஞ்சு கிடந்த காத்து, தண்ணி உள்ள போகப் போக வெளிய வந்திருக்குது, அவ்வளவுதான்.

இந்த எடத்துல கொஞ்சம் நின்னு சொல்லணும்னு நினைக்கிறேன், ஏன்னா இதைத்தான் நிறையப் பேர் தப்பா விளங்கி வச்சிருக்காங்க. தாவரக் கழிவுல ஊக்கின்னு சொன்ன உடனே சக்கைதான் ஹைட்ரஜன் குடுக்குதுன்னு ஆட்கள் நினைக்கிறாங்க. ஃபோமிக் அசிட் விசயத்துல அப்படி இல்ல. வேலையைச் செய்றது பலேடியம். அது தங்கம் மாதிரி அவுன்ஸ் கணக்குல விலை போற உலோகம். சக்கைக் கரி அதுக்கு இருக்கிற எடம். பலேடியத்தை ஒரு சில நானோமீட்டர் அளவுக்குத் துணிக்கையா பரத்தினாதான் கொஞ்ச உலோகம் நிறைய வேலை செய்யும், ஆனா அந்தத் துணிக்கைங்க சும்மா இருக்காது, உருண்டு உருண்டு ஒன்னோட ஒன்னு சேர்ந்து பெருசாகப் பார்க்கும். சரிவுல மண் வழுக்கிப் போகாம நாங்க கல்லுக்கட்டு கட்டுறோம் இல்லையா, கரிக்குள்ள இருக்கிற நைதரசன் அந்தக் கல்லுக்கட்டு வேலையைத்தான் செய்யுது. அதோட சேர்ந்து பலேடியத்துக்கு இலத்திரனும் தள்ளி விடுது, அதனால ஃபோமேட்ல (ஃபோமிக் அசிட் கரைசல்ல வாற அயன்) காபன் ஹைட்ரஜன் பிணைப்பு லேசா உடையுது. சோடியம் போரோஹைட்ரைட் மாதிரி வேற பதார்த்தங்கள்ல உலோகமே இல்லாம, அசிட் ஏத்தின தாவரக் கரி மட்டும் போட்டு மெதனோல்ல ஹைட்ரஜன் எடுத்த ஆய்வுகள் இருக்குது. அது வேற ரசாயனம், ரெண்டையும் போட்டுக் குழப்பக் கூடாது.

பலேடியம் எங்க பள்ளிக்கூடத்துல எங்க இருக்கு? கெம்பஸ்ல ஆய்வுகூடத்துல வேலை செய்ற பழைய மாணவி ஒருத்தர் உதவினாங்க. எங்க கரியை பொட்டாசியம் ஹைட்ரொக்சைட் சேர்த்து நைதரசன் வாயுவுக்குள்ள 700 பாகையில சுட்டு துளையைக் கூட்டி, திரும்பக் கழுவி, பலேடியம் உப்புக் கரைசல்ல ஊறவச்சு, போரோஹைட்ரைட் போட்டு உலோகமாக்கி, சின்ன போத்தல்ல தந்தாங்க. நிறைக்கு 5 வீதம் பலேடியம். நாங்க ஒரு தரத்துக்குப் பாவிச்சது 100 மில்லிகிராம் தூள், அப்போ உள்ள இருக்கிற பலேடியம் வெறும் 5 மில்லிகிராம். உள்ளங்கையில வச்சா ஒரு சின்னப் புள்ளி மாதிரித் தெரியிற அளவு உலோகம் அது. அந்தத் தூளைப் போட்ட அன்னைக்குத்தான் சிலிண்டர் நிறைஞ்சு போச்சு.

இப்போ அந்த ஓட்டை. முதல்ல நான் அசிட்டோட செறிவைச் சந்தேகப்பட்டேன், கேன்ல 85ன்னு போட்டிருந்தாலும் கூடக் குறைய இருக்கலாம். கோஸ்டிக் சோடாவோட டைட்ரேட் பண்ணி, அதாவது எவ்வளவு சோடா விட்டா அசிட் நடுநிலையாகுதுன்னு அளந்து பார்த்தோம், செறிவு சரி. ரெண்டாவது, குடுவைய தண்ணித் தொட்டியில சூடாக்கும்போது உள்ள இருக்கிற காத்து விரியும், 50 பாகையில நீராவியும் சேரும். 100 மில்லி குடுவையில அது 20, 30 மில்லி வரைக்கும் கூட்டும். இது உண்மையான பிழை, ஆனா எங்க குடுவைய முதல்லயே 50 பாகைக்கு வர விட்டுத்தான் குழாய மாட்டியிருந்தோம், அதனால அதுவும் இல்ல. வீட்டுக்குப் போற பஸ்ல, வளைவுல ஏறும்போது காது அடைச்சுச்சு பாருங்க, அப்போதான் பொறி தட்டிச்சு.

நாங்க இருக்கிறது மலையில! அந்த 24 லீட்டர் கடல் மட்டத்துக் கணக்கு. ஹட்டன் கடல் மட்டத்துல இருந்து ஏறத்தாழ 1270 மீட்டர் உசரம், அங்க காத்தமுக்கம் 87 கிலோபஸ்கல் அளவுதான், கொழும்புல 101. அமுக்கம் குறைஞ்சா அதே அளவு வாயு கூட எடம் புடிக்கும். 20 பாகை, 87 கிலோபஸ்கல் போட்டுக் கணக்குப் பார்த்தா ஒரு மோல் 28 லீட்டர் வருது. அதுலயும் நாங்க தண்ணிக்கு மேல புடிக்கிறோம், வாயுவோட 2.3 கிலோபஸ்கல் நீராவியும் இருக்குது, அதைக் கழிச்சா 28.8. அப்போ எங்க 0.02 மோலுக்கு 480 இல்ல, 575 மில்லி வரைக்கும் வரலாம். நுவரெலியாவுல 1868 மீட்டர்ல இதைச் செஞ்சா இன்னும் கூடும், அங்க அமுக்கம் 81 அளவுதான். வருசக் கணக்கா நான் இந்தப் புள்ளைங்களுக்கு 24ன்னு எழுதிக் குடுத்திருக்கேன், ஒரு தடவை கூட நாங்க எந்த உசரத்துல நிக்கிறோம்னு யோசிச்சது இல்ல. மலைநாட்டுப் பள்ளிக்கூடங்கள்ல கெமிஸ்ட்ரி படிப்பிக்கிற எல்லாருக்கும் இதைக் கையெடுத்துச் சொல்றேன், வாயுக் கணக்குல உங்க ஊர் அமுக்கத்தைப் போடுங்க.

அடுத்த ஓட்டத்துல காபன் டை ஒக்சைட்டையே ஒதுக்கிட்டோம். உப்புத்தண்ணின்னாலும் அது கொஞ்சம் கரையும், எவ்வளவு கரைஞ்சிச்சுன்னு சொல்ல ஏலாது, அதனால வாயுவ கோஸ்டிக் சோடா கரைசல் வழியா விட்டு ஹைட்ரஜனை மட்டும் சேர்த்தோம். எதிர்பார்த்தது 288. ஒன்றரை மணித்தியாலத்துக்குக் கிட்ட எடுத்து 270 பக்கத்துல நின்னுச்சு. பழைய கணக்குல பார்த்தா 112 வீதம், சரியான கணக்குல 94 வீதம். நெருப்புக் குச்சிக்கு 'டப்'னு வெடிச்சுது, ஒவ்வொரு குழாயும்.

அடுத்த விசயம் காபன் மொனொக்சைட். ஃபோமிக் அசிட் ரெண்டு வழியில உடையும். ஒரு வழியில ஹைட்ரஜனும் காபன் டை ஒக்சைட்டும், மத்த வழியில தண்ணியும் காபன் மொனொக்சைட்டும். ரெண்டாவது வழி கொஞ்சம் நடந்தாலும் ஃபுவல் செல்லோட (ஹைட்ரஜன்ல இருந்து கரண்ட் எடுக்கிற கருவி) பிளாட்டினத்துல அது போய் ஒட்டிக்கிட்டு வேலையைக் கெடுத்திடும், மனுசனுக்கும் நஞ்சு. ஒரு புள்ளயோட மாமா மத்திய கிழக்குல இருந்து வரும்போது கொண்டு வந்த வீட்டு அலாம் ஒன்ன கொண்டாந்து வெளிய வாற குழாய்க்குப் பக்கத்துல வச்சோம், வச்ச உடனே கூவ ஆரம்பிச்சிருச்சு. எல்லா ஜன்னலையும் திறந்து புள்ளைங்கள வெளிய அனுப்பிட்டேன். அப்படிச் செஞ்சது சரிதான், இன்னொரு தரம் நடந்தாலும் அதையேதான் செய்வேன். ஆனா அந்த அலாம்ல இருக்கிற மின்னிரசாயன சென்சர் ஹைட்ரஜனுக்கும் கூவும், அது பொறகுதான் தெரிய வந்துச்சு. ஹைட்ரஜன் நிறைஞ்ச எடத்துல அந்த அலாமை வச்சு ஒன்னும் முடிவு பண்ண ஏலாது. வாயுவ பையில புடிச்சு கெம்பஸ்க்கு அனுப்பி, கேஸ் குரோமட்டோகிராஃப்ல, அதாவது கலவையில இருக்கிற வாயுக்களைப் பிரிச்சுக் காட்டுற மெஷின்ல பார்த்தாங்க. அந்த மெஷினுக்குத் தெரியிற அளவுல மொனொக்சைட் இல்லன்னு சொன்னாங்க. ஃபுவல் செல்லுக்கு வேண்டிய சுத்தம் அதைவிட ரொம்பக் கடுமை, அதனால இதை வச்சு ஃபுவல் செல்லுக்குப் போதும்னு நான் சொல்ல மாட்டேன்.

சிரட்டைக் கரியிலயும் அதே அளவு பலேடியம் ஏத்தித் தந்திருந்தாங்க, சிரட்டைக் கரி இலங்கையில இருந்து உலகம் பூரா போற நல்ல சாமான். அதுலயும் வாயு வந்துச்சு, ஆனா மெதுவா. நைதரசன்தான் காரணம்னு ஆசையா இருந்தாலும், ரெண்டு கரியோட துளை அளவும் வேற, அதனால முழுக்க அதுதான்னு அடிச்சுச் சொல்ல மாட்டேன்.

இதை வச்சு லயத்துக்கு லைட் எரிக்க ஏலுமான்னு கேட்டாங்க, அந்தக் கணக்கையும் போட்டோம். 85 வீத அசிட் ஒரு லீட்டர்ல கிட்டத்தட்ட ஒரு கிலோ ஃபோமிக் அசிட் இருக்குது, அதுல 44 கிராம் ஹைட்ரஜன். ஒரு கிலோ ஹைட்ரஜன்ல 33.3 யூனிட் (கரண்ட் பில்லுல வாற யூனிட், கிலோவொட் மணி) சக்தி, அப்போ 44 கிராமுக்கு 1.5 யூனிட் அளவு, ஃபுவல் செல்லுல பாதி போயிடும், மிஞ்சுறது 0.7. 10 வொட் எல்.ஈ.டி பல்ப் ஒன்ன 70 மணித்தியாலம் எரிக்கலாம். கேக்க நல்லாத்தான் இருக்குது. ஆனா ஒரு லீட்டர் மண்ணெண்ணெய்ல 10 யூனிட்டுக்குக் கிட்ட சூடு இருக்குதுன்னு பார்க்கணும், ஃபுவல் செல் விலையைப் பார்க்கணும், அந்த ஒரு லீட்டர்ல இருந்து 960 கிராம் அளவு காபன் டை ஒக்சைட் வெளிய வருதுன்னும் பார்க்கணும். இன்னைக்குக் கடையில விக்கிற ஃபோமிக் அசிட்டை மெதனோலும் காபன் மொனொக்சைட்டும் வச்சுத்தான் பெரும்பாலும் செய்றாங்க, அதனால அது பச்சை எரிபொருள் இல்ல. மழை காலத்துல ராத்திரி மிஞ்சுற நீர்மின்ல ஹைட்ரஜன் எடுத்து, அதைக் காபன் டை ஒக்சைட்டோட சேர்த்து ஃபோமிக் அசிட் செஞ்சா அப்போ வட்டம் முழுசாகும். இப்போதைக்கு ஒரு லயத்துக்கு லைட் வேணும்னா சோலாரும் பெட்டரியும் போடுங்கன்னுதான் சொல்லுவேன், அதை அந்தப் புள்ளகிட்டயும் நேராச் சொன்னேன், முகம் கொஞ்சம் வாடிச்சு.

யாரும் இதை வீட்டுல செஞ்சு பார்க்க வேணாம். 85 வீத ஃபோமிக் அசிட் தோல்ல பட்டா புண்ணாகும், ஆவி மூக்கை அரிக்கும், ஹைட்ரஜன் காத்துல 4 வீதத்துல இருந்து 75 வீதம் வரைக்கும் எந்த அளவுல இருந்தாலும் தீப்பிடிக்கும். காஞ்ச பலேடியக் கரி ஹைட்ரஜன் பட்ட பொறகு தானாவே தணல் புடிக்கக் கூடியது, நாங்க எப்பவும் அதை ஈரமாத்தான் வச்சிருந்தோம்.

திரும்பப் பாவிக்கிறதுலதான் இப்போ மாட்டிக்கிட்டு நிக்கிறோம். வடிச்சுக் கழுவி ரெண்டாவது தரம் போட்டப்போ பெருசா வித்தியாசம் இல்ல, மூணாவது தரம் நல்லாவே மெதுவாயிடுச்சு. துணிக்கை உருண்டு பெருசாச்சா, கழுவும்போது உலோகம் போச்சா, மொனொக்சைட் ஒட்டிக்கிச்சா, பள்ளிக்கூடத்துல இருந்து இதைப் பிரிச்சுப் பார்க்க ஏலாது. வடிதாளை நிறுத்துப் பார்த்ததுல ஒவ்வொரு தரமும் கொஞ்சம் தூள் தாள்லயே ஒட்டிக்கிட்டு நிக்குது, சுரண்டினாலும் வராது, சாம்பல் நிறத்துல ஒரு வட்டம். அந்தத் தாள் மூணையும் ஒரு புள்ள ஈரத்தோட பொலித்தீன் பையில போட்டு, தேதி எழுதி, அலுமாரியில வச்சிருக்குது, உள்ள இருக்கிற பலேடியத்தை கெம்பஸ் அக்காகிட்ட குடுத்து திரும்ப எடுக்கணுமாம். அடுத்த தவணையில சோடியம் ஃபோமேட் சேர்த்து ஓட்டிப் பார்க்கப் போறோம், வேகம் கூடும்னு தெரியும், இந்தத் தடவை 1000 மில்லி சிலிண்டர் கேட்டு எழுதியிருக்கேன்.